இது எந்த ஊர்க் காய்?



உழவர் சந்தையில் வெளியூர்க் காய்களை விற்கலாமா, கூடாதா? அந்தச் சந்தை யாருக்காக இருக்கிறது என்பதையே தீர்மானிக்கிற கேள்வி இது.

போன தை மாதம், விடிந்தும் விடியாத நேரத்தில் எங்கள் ஊர் உழவர் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு கடையில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், கத்தரிக்காய், தக்காளி என்று பன்னிரண்டு வகை அடுக்கியிருந்தது. அதற்கு எதிரே ஒரு அக்கா. அவர் விரித்திருந்த சாக்கில் அவரைக்காய், கத்தரிக்காய், நாலைந்து கட்டு தண்டுக்கீரை. அவ்வளவுதான். பை கொண்டுவந்தவர்கள் எல்லாரும் பன்னிரண்டு வகை இருந்த கடைக்கே போனார்கள். அக்காவிடம் அவரைக்காய் வாங்கிக்கொண்டே, "இன்னும் ரெண்டு காய் சேர்த்துக் கொண்டுவரக் கூடாதாக்கா?" என்று கேட்டேன். "எங்க காட்டுல இப்ப இதுதான் தம்பி காய்ச்சிருக்கு. இல்லாததை எங்கேயிருந்து கொண்டாறது?" என்றார்.

அவர் சொன்னது விவசாயத்தின் இயல்பு. சிறு விவசாயியின் காடு ஒரு பருவத்தில் மூன்று நான்கு காய்தான் கொடுக்கும். கேரட் குளிர் கேட்கிற பயிர். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் மலைகளில் விளைவது. பெரிய வெங்காயமோ பெரும்பாலும் மகாராஷ்டிரத்து நாசிக் பக்கத்திலிருந்து லாரி ஏறி வருகிறது. இவை எல்லாம் ஒரே கடையில் இருந்தால், அவை வந்தது காட்டிலிருந்து அல்ல, மண்டியிலிருந்து.

உழவர் சந்தை எதற்காகத் தொடங்கப்பட்டது? விவசாயிகளே நேராக விற்கும் சந்தையாகப் பஞ்சாபில் 1987இல் 'அப்னி மண்டி' வந்தது. அதே போல ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி, மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, மதுரை அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. விளைவித்தவரும் வாங்குகிறவரும் நேருக்கு நேர் நிற்க வேண்டும், நடுவில் யாரும் இருக்கக் கூடாது என்பதே நோக்கம். அதற்காகத்தான் விவசாயிக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை. கடைக்கு வாடகை கிடையாது. தராசும் சந்தையிலேயே கொடுத்தார்கள். தினமும் காலையில் விலைப் பலகை எழுதுவார்கள். மொத்த விலையைவிடக் கூடுதலாகவும், வெளிக்கடைச் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் அந்த விலை இருக்கும்.

அந்த விலைப் பலகையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மொத்த விலைக்கு மேலே வைத்த அந்த வித்தியாசம் யாருடைய பணம்? தண்ணீர் பாய்ச்சி, களை எடுத்து, இருட்டோடு இருட்டாகக் காய் பறித்துக் கூடையோடு பேருந்து ஏறி வந்தவருடைய பணம். மண்டியில் மொத்த விலைக்கு மூட்டை எடுத்தவர், யாரோ ஒருவருடைய அட்டையைக் காட்டி உள்ளே உட்கார்ந்தால், அந்த வித்தியாசம் அப்படியே அவர் பைக்குப் போகிறது. வாடகையும் இல்லை. எந்த இடைத்தரகரை விலக்கச் சந்தை கட்டினோமோ, அவருக்கே இலவசமாகக் கடை கொடுத்ததாக ஆகிவிடுகிறது.

தக்காளிக் காலத்தில் இது இன்னும் வலிக்கும். பாலக்கோட்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் விலை விழுந்து, பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் விவசாயிகள் தக்காளியைச் சாலையோரம் கொட்டுவதைப் பார்த்திருக்கிறோம். அந்த நேரத்தில் கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் வந்த பெட்டிகள் உழவர் சந்தைக்குள் இறங்கினால், உள்ளூர்க்காரர் தன் கூடையை எங்கே கொண்டுபோவார்?

சரி, வெளியூர்க் காய்க்கு வாசலையே அடைத்துவிடலாமா? அதுவும் சரியில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். சாம்பாருக்கும் பொரியலுக்கும் காய் வாங்க வருகிறவருக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் வேண்டும். அவற்றுக்காக இன்னொரு கடை ஏற வேண்டியிருந்தால், கத்தரிக்காயையும் அங்கேயே வாங்கிவிடுவார். கூட்டம் குறைந்தால் முதலில் அடிபடுவது அந்தக் கீரைக்கார அக்காதான். இன்னொன்று, ஊட்டியில் கேரட் போடுகிறவரும் விவசாயிதானே? வெகுதூரத்திலிருந்து வருவது குற்றமில்லை. வந்த இடத்தை மறைப்பதும், உள்ளூர் விளைச்சலின் மேல் ஏறி உட்கார்வதும்தான் குற்றம்.

அதனால் மூன்று காரியம் செய்யலாம் என்பது என் கருத்து.

ஒன்று. இந்த மாதம் நம் மாவட்டத்தில் என்னென்ன காய்க்கிறது என்று தோட்டக்கலைத் துறை ஒரு பட்டியல் போட்டுச் சந்தை வாசலில் வைக்க வேண்டும். பட்டியலில் உள்ள காய் வெளியூரிலிருந்து உள்ளே வரக் கூடாது. மாதம் மாறினால் பட்டியலும் மாறட்டும்.

இரண்டு. நம் மண்ணில் விளையாத கேரட், உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம் போன்றவற்றுக்குத் தனி வரிசை. அந்த வரிசையில் மலை விவசாயிகளுக்கும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் முதல் இடம். அதற்கு அடுத்து மகளிர் சுய உதவிக் குழுக்கள். ஒவ்வொரு கூடையிலும் ஊர்ப் பெயர் எழுதிய அட்டை. நாசிக் வெங்காயம் நாசிக் வெங்காயம் என்றே விற்கட்டும்.

மூன்று. அடையாள அட்டையைக் காட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பத்து சென்ட்டில் கத்தரி போட்டவர் ஆண்டு முழுக்கத் தினமும் ஐம்பது கிலோ கொண்டுவர முடியாது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பருவத்துக்கு ஒரு முறை அதிகாரி வயலுக்குப் போய் வந்தால் போதும்.

வாங்குகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும், எல்லாம் ஒரே அளவில் பளபளவென்று இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கும்வரை, மண்டி மூட்டைதான் ஜெயிக்கும். கொஞ்சம் கோணல் கத்தரிக்காய், மண் ஒட்டிய கீரை, மூன்றே காய் உள்ள சாக்கு. காட்டிலிருந்து நேராக வந்த காய் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். முதலில் அங்கே வாங்குங்கள். மீதி வேண்டியதை அடுத்த வரிசையில் வாங்கிக்கொள்ளலாம்.

நாளைக் காலையில் சந்தைக்குப் போனால் காசு கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "இது எந்த ஊர்க் காய்? எப்பப் பறிச்சது?" விளைவித்தவர் தயங்க மாட்டார். எந்தக் கிணற்றுத் தண்ணீர், எத்தனையாவது பறிப்பு என்பதுவரை சொல்வார். நான் கேட்டபோது அந்த அக்கா அவரைப் பந்தல் கதையையே சொன்னார். பேச்சு முடிந்தபோது, என் பின்னால் இரண்டு பேர் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள்.