பனிக்கு நடுவே ஒரு மிருதங்கம்



மார்கழி மாதத்து விடியற்காலையில் மறைமலை நகர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவர்கள் காதை மறைத்து மஃப்ளர் கட்டியிருப்பார்கள். மங்கி குல்லா போட்டவர்களும் உண்டு. டீக்கடையில் கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, "இந்த வருஷம் பனி ஜாஸ்திதான்" என்று பேசிக்கொள்வார்கள். அப்போது வெப்பநிலை 20 டிகிரி இருக்கும். நாம் அறிந்த குளிர் அவ்வளவுதான். எட்டு மணி வெயில் வந்ததும் அது போய்விடும்.

அந்தக் குளிரை மட்டுமே அறிந்த நானும் என் மனைவியும் 2018 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குப் போனோம். மகன் டிட்ராய்ட் நகரத்தின் புறநகர் ஒன்றில் இருக்கிறான். நம் வட்டாரத்துக்கும் டிட்ராய்ட்டுக்கும் கார் மூலமாக ஏற்பட்ட உறவு ஒன்று உண்டு. மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலை 1999இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2022இல் உற்பத்தி நின்றுபோனாலும், அதற்குள் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று சுற்றிலும் கார் தொழில் வேர் பிடித்துவிட்டது. இங்கே தொழில் பழகி, டிட்ராய்ட் பக்கம் போய் வேலையில் அமர்ந்த பிள்ளைகளில் என் மகனும் ஒருவன்.

நான் ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். சிறு வயதில் கற்றுக்கொண்ட மிருதங்கத்தை மட்டும் எந்த ஷிப்டிலும் விட்டதில்லை. மேடை ஏறியவன் அல்ல. மாலையில் ஒரு மணி நேரம் வாசித்தால்தான் அன்றைய நாள் முடிந்ததாக மனசு ஒப்புக்கொள்ளும். அதனால் மிச்சிகனுக்கும் மிருதங்கத்தைக் கொண்டுபோனேன். பண்ருட்டிப் பலாக்கட்டையில் செய்து, தோல் வார் கட்டிய பழைய வாத்தியம். போர்வையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, குழந்தையைக் கொண்டுபோவது போலக் கொண்டுபோனேன்.

ஜனவரி பிறந்தது. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. பகல் என்பது ஒன்பது மணி நேரம்தான். அதிலும் பாதி நாள் சூரியன் முகம் காட்டாது. வாசற்படி தாண்ட வேண்டுமென்றால் உள்ளாடையில் தொடங்கி நான்கு அடுக்கு உடுத்த வேண்டும். ஒரே கம்பளிச் சட்டையைக் கனமாகப் போடுவதைவிட, மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதுதான் நல்லது என்று மருமகள் சொல்லிக்கொடுத்தாள். அடுக்குகளுக்கு இடையில் தங்கும் காற்றுதான் உடல் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. கைக்கும் அப்படித்தான். விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட, நான்கு விரலும் சேர்ந்து ஒரே பைக்குள் போகும் கையுறை கூடுதல் கதகதப்புத் தரும்.

வீட்டுக்குள் அந்தக் கவலை இல்லை. எரிவாயுவில் சூடேறிய காற்று தரையில் உள்ள துவாரங்கள் வழியாக அறை அறையாக வந்துகொண்டே இருக்கும். பனியில் வந்த வாத்தியத்துக்குக் கொஞ்சம் சூடு கிடைக்கட்டுமே என்று, அப்படியொரு துவாரத்துக்குப் பக்கத்தில் மிருதங்கத்தை வைத்தேன்.

நான்காம் நாள் எடுத்துத் தட்டினால் சுருதி எங்கேயோ ஏறிக் கிடக்கிறது. வலந்தலையின் நடுவில் கறுப்பாக இருக்கிறதே, கரணை, அதில் தலைமுடி போல ஒரு விரிசல். வடித்த சோற்றையும் கல்பொடியையும் சேர்த்துப் பிசைந்து, துளித் துளியாக வைத்துத் தேய்த்து, அடுக்கடுக்காக ஏற்றியது அந்தக் கரணை. மிருதங்கத்தின் நாதமே அதில்தான் இருக்கிறது. விரிசலின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு காரணத்தைத் தேடினேன். ஒரு கன மீட்டர் காற்று 21 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 18 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று மைனஸ் 20 டிகிரியில் தாங்குவது 1 கிராம் அளவுதான். வெளியே இருக்கும் அந்த வறண்ட காற்று வீட்டுக்குள் புகுந்து சூடாகும்போது, ஈரம் கூடுவதில்லை, சூடு மட்டும் கூடுகிறது. தாகமெடுத்த அந்தக் காற்று தோலிலிருந்து, மரத்திலிருந்து, நம் உதட்டிலிருந்து, மூக்கிலிருந்து கிடைக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சுகிறது. தோல் காய்ந்து சுருங்க, மிருதங்கம் தாங்க முடியாத அளவுக்கு இறுகிவிட்டது. என் உதடு வெடித்ததும், இரவில் தொண்டை வறண்டு விழிப்பு வந்ததும், மனைவியின் குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமானதும் அதே காரணத்தால்தான். வாத்தியத்துக்கு வந்த நோயும் எங்களுக்கு வந்த நோயும் ஒன்று.

இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து எங்கள் குளிர்காலம் மாறியது.

மகன் காற்றில் ஈரம் சேர்க்கும் சின்ன இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தான். ஈரப்பதம் காட்டும் மானி ஒன்றையும் சுவரில் மாட்டினான். முதல் நாள் அது 14 சதவீதம் காட்டியது. அதை 35, 40 வரை கொண்டுவந்தோம். அதற்கு மேல் போனால் ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்து ஒழுகும். சுவரில் பூஞ்சை பிடிக்கும். மிருதங்கத்தைச் சூடான காற்று நேராகப் படாத, வெளிச்சுவரின் ஜில்லிப்பும் படாத உள்ளறை மூலைக்கு மாற்றினேன். அதே மூலையில் எங்கள் இரண்டு பேருடைய நாற்காலியும் வந்து சேர்ந்தது. வாத்தியத்துக்கு நல்ல இடம் எதுவோ, வயதானவர்களுக்கும் அதுவே நல்ல இடம்.

என் பேரனுக்கு அப்போது பத்து வயது. அவனும் மிருதங்கம் படித்துக்கொண்டிருந்தான். அவனுடையது தோல் வாருக்குப் பதிலாக போல்ட்டும் நட்டும் வைத்தது. வெளிநாட்டில் வார் பிடித்துக் கட்டத் தெரிந்த கைவினைஞரை எங்கே தேடுவது? அதனால் அங்கே பலரும் இதைத்தான் வாங்குகிறார்கள். சுருதி ஏறினால் ஸ்பேனரால் தளர்த்தலாம், இறங்கினால் முடுக்கலாம். ஆயுள் முழுக்க நட்டு முடுக்கிய கை என்னுடையது. ஒரு பக்கத்தை மட்டும் முடுக்கிவிடக் கூடாது, எதிரெதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும் என்று பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கார் சக்கரத்துக்கு நட்டு முடுக்குவதும் அப்படித்தான். "தாத்தா, உங்க ஃபேக்டரி வேலையும் மிருதங்கமும் ஒண்ணுதானா?" என்று கேட்டான். "ரெண்டுக்கும் பொறுமைதான்டா வேணும்" என்றேன்.

அந்த ஜனவரி மாதக் கடைசியில், துருவப் பகுதியில் சுழலும் கடுங்குளிர்க் காற்று தெற்கே இறங்கி வந்தது. டிட்ராய்ட்டில் வெப்பநிலை மைனஸ் 25 டிகிரியை ஒட்டிப் போனது. காற்று வீசும்போது உடம்பு உணரும் குளிர் அதைவிடக் கொடியது. திறந்த சருமம் பத்தே நிமிடத்தில் உறைந்து புண்ணாகிவிடும் என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. ஜனவரி 30ஆம் தேதி காலை, எரிவாயு அனுப்பும் நிலையம் ஒன்றில் தீப்பிடித்தது. எரிவாயுவை மிச்சப்படுத்துவதற்காகக் கார் தொழிற்சாலைகள் பலவும் வேலையை நிறுத்தின. அன்று இரவு வீட்டில் இருந்த எல்லா செல்போனும் ஒரே நேரத்தில் அலறின. வீட்டுச் சூட்டை 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது நம் கணக்கில் 18 டிகிரிக்கு, குறைத்துக்கொள்ளுங்கள் என்று மாநில அரசு மக்களைக் கேட்டுக்கொண்டது.

மகன் உடனே குறைத்தான். மற்ற அறைகளை மூடிவிட்டு ஐந்து பேரும் அந்த உள்ளறையில் கூடினோம். மருமகள் மிளகு ரசம் வைத்துக் கொண்டுவந்தாள். பேரன் கண்ணில் பயம் தெரிந்தது. "வாடா, வாசிக்கலாம்" என்றேன். விரல் விறைத்திருக்கும்போது அடித்தால் வலி வரும். குளிரில் உடம்பு தன் நடுப்பகுதியைக் காப்பதற்காகக் கை, கால் விரல்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் ரசம் ஊற்றிய டம்ளரைக் கையில் கொடுத்து, விரல் இளகும்வரை காத்திருந்தேன். தொப்பி என்னும் இடப்பக்கத்தில் ஒட்டும் ரவையைப் பிசைந்தோம். நம் ஊரில் ஒருமுறை ஒட்டினால் நெடுநேரம் நிற்கும். அங்கே சீக்கிரமே காய்ந்து உதிரும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, நடு நடுவே விரலால் தொட்டு ஈரப்படுத்த வேண்டும். அந்த வேலையைப் பேரனிடம் விட்டேன்.

முதல் பாடத்திலிருந்தே தொடங்கினோம். தா, தீ, தொம், நம். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். என் மனைவி தொடையில் தாளம் போட்டாள். இதுவரை வாத்தியத்தைத் தொட்டறியாத மகனும் கூடவே சொற்கட்டு சொன்னான். மணி பதினொன்றரை. கண்ணாடிக்கு வெளியே பனி. உள்ளே ஐந்து பேருடைய கையும் ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருந்தது. பேரன் நெற்றியில் வேர்வைத் துளியைப் பார்த்தேன். அதன் பிறகு யாரும் குளிரைப் பற்றிப் பேசவில்லை.

ஊர் திரும்பிய பிறகு, ஒரு நண்பர் வீட்டில் பத்துப்பாட்டு உரையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் கண் நின்றது. மழையும் வாடையும் சேர்ந்த குளிரில் மாடு மேய்க்கும் கோவலர்கள் கொள்ளிக்கட்டையைக் கையில் பிடித்து நடுங்குகிறார்கள். அதே குளிரில் யாழின் நரம்பு சுருதி திரிந்துபோகிறது. ஆடல் மகளிர் அந்த நரம்பைத் தங்கள் மார்பின் வெதுவெதுப்பில் தடவிச் சூடேற்றிப் பண்ணுக்குக் கொண்டுவருகிறார்கள். படித்ததும் எனக்கு உடல் சிலிர்த்தது. சங்ககாலத்திலேயே நம் மக்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். மனிதனைப் போலவே வாத்தியத்துக்கும் குளிரும்; மனிதனின் சூட்டில்தான் அது தேறும்.

குளிர் ஆளும் ஊர்களில் மனிதர்கள் கைவேலையைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைச் சில்லை கலான் என்பார்கள். குளிர் உச்சத்தில் இருக்கும் காலம். தணல் வைத்த காங்கிரிச் சட்டியை அங்கிக்குள் அணைத்துக்கொண்டு வாழும் அந்த மண்ணில்தான் கம்பளமும் சால்வைப் பூவேலையும் அக்ரோட்டு மரச் செதுக்கும் செழித்தன. நம் நீலகிரியில் உறைபனி விழும் மந்து என்னும் குடியிருப்புகளில் தோடர் பெண்கள் இழையை எண்ணி எண்ணிக் கறுப்பிலும் சிவப்பிலும் தைக்கும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. டிட்ராய்ட்டிலிருந்து மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிற கிளீவ்லாண்டில், 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. ஈஸ்டரை ஒட்டி, பனி விலகும் நேரத்தில் அது வரும். அங்கே பாடவும் வாசிக்கவும் போகும் பிள்ளைகள் சாதகம் செய்வதெல்லாம் பனிக்காலத்து மாலைகளில்தான்.

வெளிச்சம் குறைந்த மாதங்களில் மனம் சோர்ந்துபோவது உண்மையான நோய் என்று நார்மன் ரோசந்தால் என்ற மருத்துவர் 1984இல் எழுதினார். வீட்டுக்குள்ளேயே அடைந்து, நாள் கிழமை தெரியாமல் படுத்தே கிடந்தால் அது கூடும். பகல் வெளிச்சம் உள்ளபோது ஜன்னலோரம் உட்காருங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் கைவேலை ஒன்றைத் தொடுங்கள். சோர்வு நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூடிய அறையில் கரி அடுப்பை மூட்டிக் குளிர் காயாதீர்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போனவர்கள் அப்படிப் படுத்து, எழுந்திருக்காமலே போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதேபோல, குளிரில் மரத்துப்போன விரலைத் தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் வைத்து மெல்லத் தெளிய விடுங்கள்.

மறைமலை நகரிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்தும் இன்று எத்தனையோ பிள்ளைகள் கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் படிக்கவும் வேலைக்கும் போகிறார்கள். பெட்டி கட்டும்போது ஸ்வெட்டர் வைக்கிறோம், ஊறுகாய் வைக்கிறோம், பருப்புப்பொடி வைக்கிறோம். அதோடு அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த கைவேலை ஒன்றும் போகட்டும். புல்லாங்குழலோ, பின்னல் ஊசியோ, வண்ணப் பெட்டியோ எதுவானாலும் சரி. தனி அறையில், இருட்டிய நான்கரை மணிக்கு, ஊரை நினைத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதுதான் துணை. அதைப் பேணுகிற சாக்கில் அவர்கள் தங்களையும் பேணிக்கொள்வார்கள்.

என் மிருதங்கம் இப்போது மறைமலை நகருக்கே வந்துவிட்டது. விரிசல் விட்ட கரணையை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டாயிற்று. பனிக்காலம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேரன் வீடியோவில் கூப்பிடுவான். வணக்கம்கூடச் சொல்வதற்கு முன்னால் சுவரில் இருக்கும் மானியைத் திரும்பிப் பார்த்து, "தாத்தா, இன்னிக்கு முப்பத்தெட்டு" என்பான். பிறகு சுருதியைப் போடுவான். இங்கே நான் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்க உட்காருவேன்.