இருங்காட்டுல இரும்பு இருக்கா?

இந்த ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கலாம்: “இருங்காட்டுக்கோட்டைன்னா இரும்புக் காட்டுக் கோட்டை. கார் ஃபேக்டரி வரும்னு முன்னோர்களுக்கு அப்பவே தெரியும்!”

கேட்க ஜோராத்தான் இருக்கு. ஹூண்டாயோட சான்ட்ரோ 1998-ல் இங்கிருந்துதான் வெளிவந்தது. ஆனா ஷிஃப்ட் பஸ்ஸுல பக்கத்து சீட்டு ஒடிசா தம்பி, “அண்ணா, இந்த ஊர் பேருக்கு என்ன அர்த்தம்?”னு கேட்டப்போ எனக்கு இதைச் சொல்ல மனசு வரல. நாம சொல்றதைத்தானே அவன் தன் ஊர்ல போய்ச் சொல்லுவான்?

போனை எடுத்தேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924-லிருந்து 1936 வரை ஆறு தொகுதியா வெளியிட்ட தமிழ் லெக்சிகன், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களோட, சிகாகோ பல்கலைக்கழகத் தளத்துல இலவசமா கிடைக்குது. அதுல ‘இருங்காடு’ன்னு அப்படியே தட்டினா ஒண்ணும் வராது. பேரை உடைச்சுத் தேடணும். இங்கதான் பள்ளிக்கூடத்துல நாம திட்டிக்கிட்டே படிச்ச புணர்ச்சி விதி கைகொடுக்குது. பெரும் + காடு = பெருங்காடு. அதே மாதிரி இரும் + காடு = இருங்காடு. இரும்பு + காடுன்னா ‘இரும்புக்காடு’ன்னுதான் வரும், ‘பு’ சும்மா காணாமப் போகாது.

இப்போ ‘இருமை’ன்னு தேடுங்க. ‘இரண்டு’ங்கிற பொருளைத் தாண்டி பெருமை, கருமைன்னும் இருக்கும். அப்போ பெரிய காடு, இல்லேன்னா கரிய, அடர்ந்த காடு. பொருளுக்குப் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள சுருக்கமா ஒரு நூல் பேர் இருக்கும். அதைத் தாண்டிப் போயிடாதீங்க. அந்தச் சொல் அந்தப் பொருள்ல எங்க வந்திருக்குங்கிற சாட்சி அதுதான். ஃபார்வர்டுல இல்லாததும் அதுதான்.

‘கோட்டை’ இன்னும் சுவாரசியம். அரண் மட்டுமில்ல, 21 மரக்கால் கொண்ட நெல் அளவும் கோட்டை, நிலாவைச் சுத்தித் தெரியுற வட்டமும் கோட்டை. அதே தளத்துல பரோ, எமனோ ரெண்டு பேரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இருக்கு (ரெண்டாம் பதிப்பு 1984). அதுல மலையாளம், கன்னடம், தெலுங்குல இருக்கிற இந்தச் சொல்லோட சொந்தக்காரங்க வரிசையா நிக்கிறாங்க. தம்பிக்கு “பெரிய காட்டுக் கோட்டை”ன்னு சொன்னேன். “காடு எங்கண்ணா?”ன்னான். நியாயமான கேள்வி!

எனக்கு இதுல இன்னொரு குடைச்சல். தொண்டைமண்டலத்தை 24 கோட்டமா பிரிச்சிருந்தாங்க. செங்காட்டுக் கோட்டம், ஊற்றுக்காட்டுக் கோட்டம்... ஓசை எங்கேயோ இடிக்குதுல்ல? ‘கோட்டம்’ தேஞ்சு ‘கோட்டை’ ஆச்சான்னு கேட்டா அகராதி பதில் சொல்லாது. அது சொல்லோட வேரைக் காட்டும், ஊரோட கதையை இல்ல. அதுக்குக் கல்வெட்டு வேணும். 1890-லிருந்து வந்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளும் இணையத்துல இலவசமா இருக்கு. முதல் தொகுதியை இறக்கி வெச்சிருக்கேன். இந்த வாரம் நைட் ஷிஃப்ட், பகல்ல கொஞ்சம் நேரம் கிடைக்கும்.