நாளும் நேரமும் எழுதும் நெறி



ஆடிப் பதினெட்டாம் நாள் காவிரிக் கரையில் புதுப்புனல் விழா. எங்கள் சிவகாசியில் அன்று இன்னொரு சிறப்பும் உண்டு. வரும் ஆண்டுக்குரிய நாட்காட்டி மாதிரிகளை அச்சகத்தார் அன்று வெளியிடுவர். ஆண்டு பிறக்கப் பல திங்கள் இருக்கும்போதே அதன் நாட்கள் இங்கே தாளில் ஏறத் தொடங்கிவிடும். இந்தப் பகுதியில் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாளையும் நேரத்தையும் ஐயத்துக்கு இடமின்றி எழுதுவது எப்படி என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் விருதுநகரில் என் இல்லத்துக்கு வந்தார். பொறியியற் கல்லூரியில் பயில்பவர். வைப்பாற்றில் மழைநீர் ஓடுவதைப் போலச்செய்து காட்டும் சிமுலேட்டர் நிரல் ஒன்றைக் கணினியில் எழுதியிருந்தார். அவர் முகம் வாடியிருந்தது.

“ஐயா, ஐப்பசி மழைக்கு ஆறு பெருக வேண்டும். என் ஆறோ வறண்டே கிடக்கிறது. மூன்று நாளாகத் தேடியும் பிழை அகப்படவில்லை” என்றார்.

அமைப்புக் கோப்பைக் காட்டச் சொன்னேன். தொடக்க நாள் 06/11/2018 என்றிருந்தது. அவர் கருதியது நவம்பர் 6. நிரலோ அமெரிக்க வழக்கப்படி திங்களை முதலில் கொண்டு, ஜூன் 11 என்று படித்துவிட்டது. ஜூன் திங்களில் வைப்பாற்றில் மணலன்றி வேறென்ன இருக்கும்?

25/11 என்று எழுதியிருந்தால் இருபத்தைந்தாம் திங்கள் இல்லையென்று நிரல் நின்றிருக்கும். ஒவ்வொரு திங்களிலும் முதற் பன்னிரண்டு நாட்களில்தான் இப்பிழை ஒளிந்துகொள்கிறது. நின்றுவிடும் நிரல் நம்மை எச்சரிக்கிறது. தவறாக ஓடி முடியும் நிரலோ நம்மை ஏமாற்றுகிறது. இத்தகைய கணக்கை நம்பி வெள்ள எச்சரிக்கை தருவதாயின், கரையோரத்து மக்கள் நிலை என்னாகும்?

“அப்படியானால் ஒரே முறையில்தான் எழுத வேண்டுமென்று கண்டிப்பாக விதித்துவிடலாமே, ஐயா?” என்றார் மாணவர்.

அவருக்கு அந்த நவம்பர் 6-ஐயே நினைவூட்டினேன். 2018-இல் தமிழ்நாட்டில் தீபாவளி அன்றுதான், வடநாட்டில் மறுநாள். அவ்வாண்டு அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் என்று ஆணையிட்டது. நம்மவர்க்கோ எண்ணெய் நீராடி விடியற்காலையில் வெடிப்பதே மரபு. ஓராண்டு உழைப்பை அந்த ஒரு நாளில் வைத்திருக்கும் சிவகாசித் தொழிலாளர் கவலையோடு காத்திருந்தனர். அக்டோபர் 30 அன்று நீதிமன்றம் ஆணையைத் திருத்தியது. இரண்டு மணி நேரம் என்ற அளவு மாறாது. எந்த இரண்டு மணி என்பதை மாநிலம் தீர்மானிக்கலாம். தமிழ்நாட்டரசு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வகுத்தது.

மாறக்கூடாதது எது, மாறலாவது எது என்று பிரித்தறிவதே நல்ல அமைப்பின் இலக்கணம். மாணவருக்கு நான் கூறியவற்றை உங்களுக்கும் கூறுகிறேன்.

முதலாவது: வெளியிலிருந்து வரும் நாள் எவ்வடிவில் இருப்பினும், உள்ளே ஒரே வடிவாக்கிக் கொள்க. ஆண்டு, திங்கள், நாள் என்ற வரிசையில் 2018-11-06 என எழுதுவது 1988-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 8601 என்னும் உலகத் தரமுறை. இருபொருள் படும் நாள் வந்தால் ஊகிக்காமல் திருப்பிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது: எந்த இடத்து நேரம் என்பதைச் சொல்க. நம் நாட்டு நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைக் கொண்டது. உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. ‘மணி 6’ என்று மட்டும் எழுதினால் அது யாருடைய ஆறு மணி?

மூன்றாவது: நாள் எப்போது தொடங்குகிறது என்பதை அறிக. கடிகாரத்துக்கு நள்ளிரவில், பஞ்சாங்கத்துக்குச் சூரிய உதயத்தில். வானிலைத் துறையின் அன்றாட மழைக் கணக்கோ காலை 8.30-க்கு முடியும் 24 மணி நேரத்துக்குரியது. ஆகவே ஆறாம் தேதிக் கணக்கிலுள்ள மழையில் பெரும்பகுதி ஐந்தாம் தேதி பெய்ததாக இருக்கலாம்.

நான்காவது: தொடக்கம், முடிவு, கால அளவு ஆகிய மூன்றில் இரண்டு தந்தால் மூன்றாவது தானே கிடைக்கும். மூன்றும் தந்து அவை முரண்பட்டால் நிரல் ஓடாது நிற்கட்டும். ஒன்றைத் தராமல் விட்டால், தான் எதைக் கொண்டது என்பதை நிரல் முதல் வரியிலேயே அறிவிக்கட்டும்.

மாணவர் அவ்வாறே திருத்தினார். முதல் முயற்சியில் நிரல் ஓட மறுத்தது. முடிவு நாள் தொடக்கத்துக்கு முந்தியிருந்தது. அதையும் சரிசெய்த பின் ஆறு ஓடிற்று. “மறுத்தபோதுதான் ஐயா, எனக்கு அதன்மேல் நம்பிக்கை வந்தது” என்றார். அச்சொல் என்னை மகிழ்வித்தது.

நீங்களும் நாளைக் காலை ஏட்டில் தேதியிடும்போது, பத்தாண்டு கழித்துப் படிக்கும் அயலான் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கும் ஐயம் எழாதவாறு முழுமையாக எழுதுங்கள்.