குப்பைத் தொட்டிக்கு ஒரு மரக்கூடு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் அமைந்த ஊர் வவுணதீவு. அங்கே முற்றத்தில் நிற்கும் சில்லுப் பூட்டிய குப்பைத் தொட்டிக்கு மரக்கூடு அமைக்க விழைவோர், அழகை நோக்குமுன் மழையை நோக்குதல் வேண்டும்.

வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் நிலம் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். மண்ணில் நேரே ஊன்றிய மரம் கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகும். ஆதலின் கூட்டின் கால்கள் செங்கல்லின்மீதோ கொங்கிறீற்றுக் கட்டையின்மீதோ நிற்றல் நன்று. வைரம் பாய்ந்த முதிரையும் பாலையும் நெடுநாள் நிலைப்பன. விலை மலிவென்று வைரமற்ற பலகையை வாங்குவோர் விரைவில் மீண்டும் செலவு செய்ய நேரும்.

கூரை சரிவாக இருத்தல் வேண்டும். திறந்த தொட்டியிலும் தட்டையான கூரையிலும் தேங்கும் சிறிதளவு நீரிலேயே டெங்கு நுளம்பு பெருகும். முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ 10 நாட்களே போதும். பக்கப் பலகைகளிடையே ஒரு விரல் இடைவெளி விட்டால், காற்றோடி உள்ளீரம் உலரும்.

இத்தனை செய்தும் ஓர் இடர் எஞ்சுகிறது. உணவின் மணம் நாடி இரவில் வரும் காட்டு யானைக்கு எந்த மரமும் தடையன்று. ஆகவே சோற்றையும் காய்கறிக் கழிவையும் உரக்குழியிலிட்டு மண்ணால் மூடி, உலர்ந்த குப்பையை மட்டும் கூட்டினுள் வைப்பதே அறிவுடைமையாகும்.