சீனக் கம்பனிப் பங்கும் நமது பணமும்
(குண்டசாலைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



மிளகும் கராம்பும் விற்று மிஞ்சிய பணத்தையும், மாதச் சம்பளத்திற் சேர்த்த பணத்தையும் சீனக் கம்பனிகளின் பங்குகளில் இடலாமா என்ற கேள்வி இங்கே எழுந்துள்ளது. விவசாயக் கல்லூரி அமைந்த இவ்வூரிலே விதையைப் பற்றிக் கேட்பதே வழக்கம். பங்கைப் பற்றிக் கேட்கும் காலமும் வந்துவிட்டது, நல்லதே. ஆனால் ஒன்றை முதலில் மனத்திற் கொள்வோம். சீனாவிலே நாம் அந்நியர்.

அந்நியப் பங்குதாரன் யார் என்பதை மலைநாட்டுத் தமிழரைவிட நன்கறிந்தவர் உளரோ? இக்கண்டி மலைகளின் தேயிலைத் தோட்டங்கள் பலவும் இலண்டனிலே பதிவான கம்பனிகளுக்கு உரியனவாயிருந்தன. கொழுந்து பறித்தவர் நம் பாட்டிமார். பங்கிலாபம் பெற்றவர் கடலுக்கு அப்பால் இருந்தவர். 1975 ஆம் ஆண்டிலே காணிச் சீர்திருத்தச் சட்டம் திருத்தப்பட்டது, தோட்டங்கள் அரசுடைமையாயின. தொழிலாளி அப்போது பட்ட துன்பம் தனியே பேசப்பட வேண்டியது. பங்குதாரனுக்கு நட்டஈடு கிடைத்தது; ஆயினும் தோட்டத்தை விடமாட்டேன் என்று சொல்லும் வலு அவனுக்கு இருக்கவில்லை. அவன் நின்ற இடத்திலேதான் இன்று நாம் போய் நிற்க எண்ணுகிறோம்.

சீனாவிலோ, பங்கு எது என்பதே ஆராயத்தக்கது. அலிபாபா 2014 செப்டெம்பரில் நியூயோர்க் சந்தைக்கு வந்து 2,500 கோடி டொலர் திரட்டிற்று. இணையத் தொழிலில் அந்நியர் உரிமை கொள்வதைச் சீனச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆகவே கேமன் தீவுகளிலே ஒரு கம்பனி பதியப்பட்டது. சீனாவில் உரிமம் பெற்ற கம்பனி சீனர் பெயரிலேயே இருந்தது. இரண்டையும் ஒப்பந்தங்கள் பிணைத்தன. அந்நியன் வாங்கியது கேமன் கம்பனியின் பங்கை. காணி உறுதி வேறொருவர் பெயரில் இருக்க, விளைச்சலைத் தருவேன் என்று அவர் எழுதிய கடிதம் மட்டும் நம் கையில் இருப்பது போன்றது இது. குண்டசாலையிலே இப்படி எவரேனும் காணி வாங்குவாரா?

எல்லாம் அப்படியல்ல. சீனாவின் பெரிய வங்கிகள் ஹொங்கொங்கில் விற்பது தம் சொந்தப் பங்கையே. 2014 நவம்பர் முதல் ஹொங்கொங் வழியே ஷங்காய்ப் பங்குகளையும் அந்நியர் வாங்கலாம். ஆயினும் அரசின் கை எங்கும் நீளும். 2020 நவம்பரில் ஆன்ட் நிறுவனத்தின் பங்கு வெளியீடு, சந்தைக்கு வர இரண்டு நாள் இருக்கையில் நிறுத்தப்பட்டது. 2021 ஜூலையில், பள்ளிப் பாடங்களுக்குத் தனியார் வகுப்பு நடத்தும் கம்பனிகள் இலாபம் ஈட்டலாகாது என்று ஆணை பிறந்தது. நியூயோர்க்கிலே அவற்றின் பங்குகள் சரிந்து வீழ்ந்தன. பெற்றோர் சுமையைக் குறைக்கவே இவ்வாணை என்றது அரசு. நியாயமாகவே இருக்கட்டும்! பங்குதாரனை எவரும் கேட்கவில்லை.

இலாபம் கண்டவரும் உண்டு. அமெரிக்கரான வாரன் பஃபெட்டின் நிறுவனம் 2008 இல் பிவைடி கம்பனியிலே 23 கோடி டொலர் இட்டுப் பன்மடங்கு பெற்றது. அக்கம்பனியின் மோட்டார் வாகனங்கள் இன்று இலங்கைக்கும் வருகின்றன. ஆனால் நாடு வளர்ந்தால் பங்கும் வளரும் என்பது மயக்கம். 2007 ஒக்டோபரில் 6,000 ஐத் தாண்டிய ஷங்காய்ச் சுட்டெண் 2024 இறுதியில் 3,400 க்குக் கீழே நின்றது. இடையிலே சீனப் பொருளாதாரமோ பன்மடங்கு பெருகிற்று. தம்புள்ளைச் சந்தையிலே தக்காளி குவிந்தால் விலைக்கு என்ன நேர்கிறது என்பதை உழவர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

1952 இன் றப்பர்–அரிசி உடன்படிக்கையால் இலங்கை நன்மை பெறவில்லையா என்று கேட்பர். பெற்றது. அது அரசோடு அரசு பேசியது. சீனாவுக்கு வேண்டிய றப்பர் நம் கையில் இருந்தது. தனியொருவன் வாங்கும் நூறு பங்குக்கு அத்தகைய பிடி ஏது?

ஆகையால், பசளைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வைத்த பணம் அங்கே போகலாகாது. போனாலும் குற்றமில்லை என்னும் பணம் உடையவர், பல கம்பனிகளைச் சேர்த்து வாங்கும் நிதியிலே சிறு பகுதியை இடலாம். அதற்கும் முன்னே வங்கிக்குச் செல்லுங்கள். 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், பணம் வெளிமுக முதலீட்டுக் கணக்கு வழியே செல்ல வேண்டும். வரம்புகளும் அவ்வப்போது மாறுகின்றன. வங்கியே வேண்டாம், எம்மிடம் தாருங்கள் என்று தொலைபேசியிற் சொல்பவனுக்கு ஒரு சதமும் கொடாதீர்கள்.