சமத்துவம் எழுதப்படாத சட்டம்



தேசிய அடையாளச் சட்டங்களையும் சிறுபான்மையினர் உரிமைகளையும் பற்றிப் பேசப் பணித்தீர்கள். ஒரே ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். இஸ்ரேலின் நாடாளுமன்றமான நெசெட், 2018 ஜூலை 19 அன்று 62க்கு 55 என்ற வாக்குகளில் நிறைவேற்றிய அடிப்படைச் சட்டம் அது. இஸ்ரேல் யூத மக்களின் தேசிய அரசு என்று அது அறிவிக்கிறது.

இஸ்ரேலுக்கு ஒரே ஆவணமாகத் தொகுக்கப்பட்ட அரசியலமைப்பு கிடையாது. அவ்வப்போது இயற்றப்படும் அடிப்படைச் சட்டங்களே அந்த இடத்தில் இருக்கின்றன. இந்தச் சட்டத்தைத் திருத்த 120 உறுப்பினர்களில் 61 பேராவது வேண்டும்.

கொடி, கீதம், விடுமுறை நாட்கள் பற்றிய பிரிவுகளில் எனக்கு மறுப்பில்லை. எல்லா நாட்டுக்கும் அவை உண்டு. சிக்கல் மூன்று இடங்களில் இருக்கிறது. அந்நாட்டில் தேசிய சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே உரியது என்கிறது முதல் பிரிவு. யூதக் குடியேற்றத்தை வளர்ப்பது தேசிய விழுமியம், அரசு அதை ஊக்குவிக்கும் என்கிறது ஏழாம் பிரிவு. நான்காம் பிரிவு எபிரேயத்தை அரசின் மொழியாக்கி, அரபுக்குத் தனித் தகுதி என்று ஒன்றைத் தருகிறது. 1922ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆணையிலிருந்து ஆட்சிமொழியாக இருந்துவந்தது அரபு. நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் தாய்மொழி. அரபுக்கு முன்பிருந்த நிலை பாதிக்கப்படாது என்று அதே பிரிவு உறுதியும் கூறுகிறது. பாதிப்பே இல்லையென்றால், ஆட்சிமொழி என்ற பெயரை மட்டும் ஏன் பறித்தார்கள்? இந்தக் கேள்விக்கு நிறைவான விடை எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 1948 மே 14 அன்று வெளியான சுதந்திரப் பிரகடனம், மதம், இனம், பால் பாராமல் குடிமக்கள் அனைவருக்கும் முழுச் சமத்துவம் தருவதாக வாக்களித்தது. எழுபது ஆண்டு கழித்து வந்த இந்தச் சட்டத்தில் சமத்துவம் என்ற சொல்லே இல்லை. கட்டாய ராணுவப் பணி செய்துவரும், அரபு பேசும் சிறுபான்மையினரான துரூஸ் சமூகத்தினர் 2018 ஆகஸ்ட் மாதம் டெல் அவிவ் சதுக்கத்தில் பல்லாயிரக்கணக்கில் திரண்டதற்கு இதுதான் காரணம்.

ஐரோப்பிய நாடுகளும் தங்கள் தேசிய இனத்தை அரசியலமைப்பில் சொல்லத்தானே செய்கின்றன என்று இச்சட்டத்தின் ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். உண்மைதான். லாத்வியா 2014இல் அப்படியொரு முகவுரையைச் சேர்த்தது. ஆனால் அதே ஆவணத்தின் 91ஆம் பிரிவு சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. சிறுபான்மையினர் தம் மொழியையும் பண்பாட்டையும் காக்கும் உரிமையை 114ஆம் பிரிவு தருகிறது. எழுத்தில் இருப்பதெல்லாம் அங்கே நடைமுறையில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ரஷ்ய மொழி பேசுவோரில் பலர் இன்றும் அந்நாட்டில் வாக்குரிமை இல்லாமல் வாழ்கிறார்கள். ஆயினும், வழக்குத் தொடுப்பவருக்குப் பற்றிக்கொள்ள ஒரு வாசகமாவது இருக்கிறது.

இந்த இடத்தில் சட்ட மாணவர்கள் 1935இல் வந்த ஒரு பன்னாட்டு நீதிமன்றக் கருத்துரைக்குப் போய்வர வேண்டும். அதற்கு முன் அல்பேனியா தன் அரசியலமைப்பைத் திருத்தித் தனியார் பள்ளிகள் அனைத்தையும் மூடியது. கிரேக்கச் சிறுபான்மையினரின் பள்ளிகளும் மூடப்பட்டன. பெரும்பான்மையினரின் பள்ளிகளையும்தானே மூடினோம், இதில் பாரபட்சம் எங்கே என்று கேட்டது அரசு. நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. சட்டத்தில் சமத்துவம் இருந்தால் போதாது, நடைமுறையிலும் இருக்க வேண்டும்; சிறுபான்மையினரின் நிறுவனங்களை ஒழித்துவிட்டு, பெரும்பான்மையினரின் நிறுவனங்களை நாடச் சொல்வது சமத்துவம் ஆகாது என்று கருத்துரைத்தது. எனக்குத் தெரிந்தவரை இத்துறையில் இதைவிடத் தெளிவான கருத்துரை இல்லை.

இஸ்ரேல் 1991இல் ஏற்புறுதி செய்த குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 27ஆம் பிரிவும் இதே வழியில் செல்கிறது. தம் குழுவினரோடு சேர்ந்து தம் மொழியைப் பேசவும் பண்பாட்டைப் பேணவும் உள்ள உரிமையைச் சிறுபான்மையினருக்கு மறுக்கக் கூடாது என்கிறது அது. தடுக்காமல் இருந்தால் மட்டும் போதாது, அரசு முன்வந்து நடவடிக்கையும் எடுக்க வேண்டியிருக்கும் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1994இல் விளக்கியது.

இஸ்ரேலின் இந்தச் சட்டம் எங்கே போய் வெட்டுகிறது என்பதற்கு அந்நாட்டின் கர்மியேல் நகர வழக்கே சாட்சி. அந்த ஊரில் அரபுப் பள்ளி இல்லை. வெளியூர்ப் பள்ளிக்குச் சென்றுவரும் பயணச் செலவை நகராட்சி தர வேண்டும் என்று அரபுப் பிள்ளைகள் தரப்பில் வழக்குப் போட்டார்கள். 2020இல் கீழ்நீதிமன்றம், கர்மியேல் ஒரு யூத நகரம் என்று சொல்லி, இந்தச் சட்டத்தின் ஏழாம் பிரிவையே ஆதாரம் காட்டி அந்த வழக்கைத் தள்ளியது. மறு ஆண்டு ஹைஃபா மாவட்ட நீதிமன்றம் அந்தக் காரணத்தைக் கண்டித்தது. மேல்முறையீட்டை மட்டும் ஏற்கவில்லை. பிள்ளைகளுக்குப் பணம் கிடைக்கவில்லை.

2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டத்தை நிலைநிறுத்தியது. மற்ற அடிப்படைச் சட்டங்களோடு இதைச் சேர்த்துப் படித்தால் சமத்துவம் காக்கப்படும் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. அமர்வில் இருந்த ஒரே அரபு நீதிபதி ஜார்ஜ் கர்ரா தனித்து நின்று மறுத்து எழுதினார். கர்ரா எழுதியதே சரி என்பது என் முடிவு. நீதிபதிகளின் நல்ல விளக்கத்தை நம்பி ஐந்தில் ஒருவரின் சமத்துவத்தை விட்டுவைக்கக் கூடாது. அது சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அதற்கு நெசெட்டில் 61 கைகள் உயர்ந்தால் போதும்.