புளியங்கொட்டையில் படிச்ச வட்டிக் கணக்கு

"கணக்கு எழுதக் கத்துக்கிட்ட அனுபவத்தைப் பேசும்மா"ன்னு சொன்னாங்க. எனக்குக் கணக்கே வராது. அதைத்தான் பேசப் போறேன்.

எட்டாவதோட நின்னவள் நான். எழுதப் படிக்கத் தெரியும்னு தீர்மானப் புத்தகத்தையும் ரொக்கப் புத்தகத்தையும் என் கையில் கொடுத்துட்டாங்க. வரவு, செலவு, கையிருப்பு எப்படியோ எழுதிட்டேன். கடன் பேரேட்டில்தான் மாட்டிக்கிட்டேன். நிலுவை குறையக் குறைய வட்டியும் குறையணும்னு பயிற்சியில் சொன்னப்போ தலையை ஆட்டினேன். புரியலை. கேட்க வெட்கம்.

எங்க குழு அக்கா ஒருத்தங்க 10,000 ரூபாய் கடன் வாங்கினாங்க. மாதம் 1,000 அசல், நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. நான் மாசாமாசம் 200 ரூபாயே வட்டி போட்டேன். அந்த அக்கா கைநாட்டு. நாலாவது மாசம் கூட்டத்தில் கேட்டாங்க: "ஏம்மா, மூவாயிரம் கட்டிட்டேனே, கட்டின காசுக்குமா வட்டி?" எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. அன்னைக்கே நோட்டைத் திருப்பிக் கொடுத்திடலாம்னு இருந்தது.

அக்கா விடலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து திண்ணையில் பத்துப் புளியங்கொட்டையை வரிசையா வெச்சாங்க. கொட்டை ஒண்ணு ஆயிரம் ரூபாய். "ஒரு கொட்டைக்கு மாசம் இருபது ரூபாய் வட்டி. மொத மாசம் பத்துக் கொட்டை, இருநூறு. ஆயிரம் கட்டியாச்சு, ஒண்ணை எடு. இப்ப எத்தனை?" ஒன்பது, நூற்றெண்பது. இப்படியே கடைசிக் கொட்டை வரைக்கும் போனோம். மொத்த வட்டி 1,100. என் கணக்குப்படி போயிருந்தா 2,000! நம்ம குடும்பங்களுக்கு 900 ரூபாய்னா என்னன்னு உங்களுக்கே தெரியும்.

மூணு மாசத்தில் கூடுதலா வாங்கின 60 ரூபாயைத் தீர்மானம் எழுதி அந்த மாசத் தவணையிலேயே கழிச்சோம். அந்தப் பக்கத்தை நான் கிழிக்கலை, இன்னும் இருக்கு.

அதுக்கப்புறம் ராத்திரி எல்லாரும் படுத்ததும் அரை மணி நேரம் உட்காருவேன். ஒரே ஒரு கணக்கு. வரலைன்னா மூடி வெச்சுட்டுத் தூங்கிடுவேன். சில சமயம் காலையில வாசல் தெளிக்கும்போது தானா பிடிபடும். ஒரு தடவை 90 ரூபாய் உதைச்சுது. மூணு ராத்திரி தேடினேன். 450ஐ 540ன்னு மாத்தி எழுதியிருந்தேன். வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாம வகுபட்டா, எண்ணை இடம் மாத்தி எழுதியிருக்கோமான்னு பார்க்கணுமாம். அதைப் பிறகுதான் சொன்னாங்க. முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு ராத்திரி தூங்கியிருப்பேன்!

இந்த வருஷம் புதுசா நோட்டு வாங்கியிருக்கிற பொண்ணுங்களே, பயிற்சியில் என்னை மாதிரி தலையை ஆட்டாதீங்க. எழுந்து கேளுங்க. நான் இப்போ இருப்புநிலைக் குறிப்பு படிச்சுக்கிட்டிருக்கேன். சொத்துப் பக்கமும் பொறுப்புப் பக்கமும் இன்னும் சேர மாட்டேங்குது. கொட்டை டப்பா பக்கத்திலேயேதான் இருக்கு.